குமிழி இல்லை என்று எழுதிய மூன்று நாட்கள்

போன மாதம் சத்தியமங்கலத்தில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவர், "அம்மா எங்கீங்க வேலை பாத்தீங்க?" என்று கேட்டார். பிளாஸ்டிக் கம்பெனி லேபில் முப்பது வருஷம் என்றேன். "அடடா" என்று முகத்தைச் சுளித்தார். பவானி ஆற்றில் மிதக்கிற பைகளை எல்லாம் நானே ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ப் போட்டது போல ஒரு பார்வை. அவர் போட்டிருந்த மூக்குக்கண்ணாடியின் வில்லை பாலிகார்பனேட். சட்டையில் பாதி பாலியெஸ்டர். பையில் இருந்த போனுக்குள் எத்தனை வகை இருந்ததோ. வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் ரசம் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தும் மனசு அடங்கவில்லை. கண்ட இடத்தில் வீசி எறிவது நம் கை செய்கிற தப்பு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பொருளைப் போய் அருவருக்கலாமா! அது எவ்வளவு பெரிய அதிசயம் தெரியுமா! லேபில் இப்போது இருக்கும் பெண்கள் வேறு, "அக்கா, அந்த பம்ப் கதையை எழுதிக் குடுங்க" என்று ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள். ஈரம் பார்க்க அவர்களுக்கு மிஷினே வந்துவிட்டது. பிளாஸ்டிக் குருணையைப் போட்டால் சீட்டு அடித்துக் கொடுக்கிறது. எங்கள் காலத்தில் அதற்கு இரண்டு கண்ணாடித் துண்டுதான். அந்த இரண்டு துண்டுக் கண்ணாடியில் நான் எப்படி மாட்டிக்கொண்டேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

என் அப்பாவும் அம்மாவும் அன்னூர்ப் பக்கம் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். அம்மா பஞ்செடுக்கும் நாட்களில் விரலெல்லாம் கீறலோடு வருவாள். நான் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, பொள்ளாச்சி ரோட்டில் ஒரு வார்ப்புக் கம்பெனியில் சேர்ந்தேன். பம்புகளுக்கும் மில்லுகளுக்கும் பிளாஸ்டிக் பாகங்கள் வார்த்துக் கொடுக்கிற கம்பெனி. லேபுக்குத் தலைவர் ஹபீப் சார். கோட்டைமேட்டுக்காரர். யாரையும் ஒருமையில் கூப்பிடமாட்டார், குரலை உயர்த்தமாட்டார், யார் மேலும் பழி சொல்லமாட்டார்.

நான் சேர்ந்த முதல் வாரம் அவர் ஒரு குவளையில் தண்ணீர் மாதிரி ஒரு திரவத்தை ஊற்றினார். அதன் மேல் இன்னொரு திரவத்தை ஓரமாகச் சாய்த்து மெதுவாக விட்டார். எண்ணெயும் தண்ணீரும் போல இரண்டும் தனித்தனியாக நின்றன. நடுவில், காய்ச்சிய பாலில் படிகிற ஆடை போல ஒரு மெல்லிய தோல். இடுக்கியால் அந்தத் தோலின் நடுவைப் பிடித்துத் தூக்கினார். தோல் கயிறாக எழுந்து வந்தது. எடுக்க எடுக்க அடியில் புதுத் தோல் படிந்துகொண்டே இருந்தது.

"கையுறையைப் போட்டுக்கிட்டு புடிச்சு இழுங்க அம்மணி, பயப்படாதீங்க" என்றார்.

நான் பிடித்து இழுத்தபடியே பின்னால் நடந்தேன். லேபைத் தாண்டி, வாசலைத் தாண்டி, வராந்தாவின் கோடி வரை நடந்தேன். ஈரமான வெள்ளை நூல் அறாமல் வந்துகொண்டே இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நூற்பாலைகள் நிறைந்த ஊரில் வளர்ந்தவள் நான். பஞ்சே இல்லாமல், ஒரு குவளைத் தண்ணீரிலிருந்து நூல்!

"இதாங்க நைலான்" என்றார் சார். "கீழ இருக்கற மூலக்கூறுக்கு ரெண்டு கை. மேல இருக்கறதுக்கும் ரெண்டு கை. ரெண்டும் சந்திக்கற எடத்துல கை கோத்துக்குது. ரெண்டு கை இருக்கறதால அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணுன்னு கோத்துக்கிட்டே போகுது. ஆயிரக்கணக்குல கோத்து நீளமா நின்னா, அதுக்குப் பேரு பாலிமர்."

எல்லாம் இப்படிக் கோர்ப்பதில்லை என்பதையும் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். பாலித்தீனுக்குத் தொடக்கம் எத்திலீன் என்கிற வாயு. அதில் இரண்டு கரி அணுக்கள் இரட்டைப் பிணைப்பில் ஒன்றையொன்று பிடித்திருக்கும். அதில் ஒரு பிணைப்பைத் திறந்துவிட்டால் அந்தக் கை பக்கத்திலிருப்பதைப் பிடிக்கும், அது அடுத்ததைப் பிடிக்கும், மூச்சு விடுவதற்குள் வாயு திடப்பொருளாகிவிடும். மனுஷன்தான் இதைக் கண்டுபிடித்தான் என்றும் இல்லை. நான் கட்டியிருந்த பருத்திச் சேலை பாலிமர், காலையில் தின்ற இட்லியின் மாவு பாலிமர், தலைமயிர் பாலிமர். அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது கண்ணில் பட்டதையெல்லாம் சங்கிலி சங்கிலியாகத்தான் பார்த்தேன்.

அடுத்த சில வருஷங்களில் கையும் மூக்கும் பழகின. ஒரு துணுக்கைக் கொளுத்தி அணைத்து, புகையைக் கையால் லேசாக மூக்குப் பக்கம் விசிறினால் போதும், மெழுகுவர்த்தி வாடை வந்தால் பாலித்தீன், மயிர் கருகின வாடை வந்தால் நைலான் என்று சொல்லிவிடுவேன். சங்கிலியின் நீளத்தைப் பார்க்க ஒரு கருவி இருந்தது. சூடான உருளைக்குள் குருணையைப் போட்டு உருக்கி, மேலே எடைக்கல்லை வைத்தால், அடியில் ஒரு சின்னத் துளை வழியாக உருகினது நூலாக இறங்கும். பத்து நிமிஷத்தில் எத்தனை கிராம் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். நீளச் சங்கிலி ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு மெதுவாக இறங்கும். துண்டு துண்டான சங்கிலி தண்ணியாக ஓடும்.

சாருக்கு ஒரு பழக்கம். எந்தச் சிக்கல் வந்தாலும் வெள்ளைத் தாளை நடுவில் மடிப்பார். இடது பக்கம், "நமக்குத் தெரிஞ்சது." வலது பக்கம், "நாம நெனைக்கறது." வலது பக்கத்தில் இருப்பதை வைத்து ஒரு முடிவும் எடுக்க விடமாட்டார்.

அந்தப் பம்ப் கதை நடந்து இப்போது பதினோரு வருஷம் இருக்கும். மாசி மாதம். ஒரு பம்ப் கம்பெனியிலிருந்து ஒரு மூட்டை வந்து இறங்கியது. அவிழ்த்தால் உள்ளே உடைந்த இம்பெல்லர்கள். போர்வெல்லுக்குள் இறக்குகிற பம்பில் தண்ணீரை மேலே தள்ளுகிற சக்கரம் அது. கருப்பு பாலிகார்பனேட்டில் நாங்கள் வார்த்துக் கொடுத்தது. சுத்தியலால் அடித்தாலும் சுலபத்தில் உடையாத பொருள். இவையோ முறுக்கைப் போல நொறுங்கியிருந்தன. கோடை தலைக்கு மேல் நிற்கிறது, தோட்டம் தோட்டமாகப் பம்பு நிற்கிறது என்று கூடவே கடிதம்.

உடைந்த சில்லுகளைக் கருவியில் போடலாம் என்று எடுத்தேன். "மொதல்ல நல்லா காயப் போடுங்க. ஈரத்தோட போட்டா நம்ம டெஸ்டே சங்கிலியை வெட்டிப்போடும். அப்புறம் யார் வெட்டுனதுன்னு தெரியாம போயிரும்" என்றார் சார். அடுப்பில் நாலு மணி நேரம் காயவைத்துப் போட்டேன். புதுக் குருணை பத்து கிராம் இறங்கியது. உடைந்த சில்லு இருபத்து நாலு இறங்கியது! குருணை மூட்டையில் இருக்கும்வரை நீளமாக இருந்த சங்கிலி எங்கள் கம்பெனிக்குள்தான் அறுந்திருக்கிறது.

உற்பத்திச் சீட்டுகளை ஒப்பிட்டோம். உடைந்தவை எல்லாம் ஐப்பசியில் மூன்று நாள், நாலாம் நம்பர் மிஷினில் வார்த்தவை. அந்த மிஷினை ஓட்டியது சரஸ்வதி. என்னோடு ஒரே பஸ்ஸில் வருகிறவள், என் டிபனில் கை வைக்கிற உரிமை உள்ளவள்.

மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். "சீக்கிரம் ஓட்டி முடிக்கோணும்னு சூட்டை ஏத்திப்போட்டே. கருகிப்போச்சு. அதானே?"

"நான் ஏத்தலீங்க சார். ஒரு டிகிரிகூட ஏத்தலீங்க" என்றாள் சரஸ்வதி.

விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். கேட்டைத் தாண்டும்போது அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். காரணம் இருந்தது.

பாலிகார்பனேட் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரத்தோடு உருக்கினால் அந்தச் சூட்டில் தண்ணீர் புகுந்து சங்கிலியின் கண்ணிகளை வெட்டும். அதனால் மிஷினுக்கு மேலே உலர்த்தும் தொட்டி ஒன்று உண்டு. நூற்றிருபது டிகிரியில் சூடான காற்று குருணைக்குள் புகுந்து வரும். காய்ந்ததா என்று பார்ப்பது என் வேலை. சூடான தட்டில் கண்ணாடித் துண்டை வைத்து, அதன் மேல் நாலைந்து குருணைகளை வைத்து, இன்னொரு கண்ணாடியால் அழுத்த வேண்டும். ஈரம் இருந்தால் உருகினதற்குள் குட்டிக் குட்டிக் குமிழி தெரியும். ஷிப்டுக்கு இரண்டு தடவை. பார்த்துவிட்டு ரெஜிஸ்டரில் "குமிழி இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த மூன்று நாளும் ஆடிட்டுக்காக மாதிரிகள் தயார் செய்யும் அவசரம். தொட்டியின் டிஸ்பிளேயில் 120 என்று பார்த்தேன். காய்ந்திருக்காமல் எங்கே போகும் என்று, ஆறு தடவையும் சோதனை செய்யாமலே "குமிழி இல்லை" என்று எழுதிவிட்டேன். இரண்டாம் நாள் சரஸ்வதி ஒரு இம்பெல்லரை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள். கருப்பின் மேல் வெள்ளி வெள்ளியாகக் கோடு. குருணையில் ஈரம் இருந்தாலும் அப்படி விழும். "எஸ்தரு, இது என்னன்னு பாரு, எனக்கு மனசு ஒப்பலை" என்றாள். "மோல்டு சூடாகியிருக்காது. போகப் போகச் சரியாயிரும், ஓட்டு" என்றேன். நிமிர்ந்துகூட சரியாகப் பார்க்கவில்லை.

அவளை அனுப்பின அன்று இதையெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டிஸ்பிளே நூற்றிருபது காட்டியதே, அப்புறம் எப்படி ஈரம் இருக்கும், தப்பு வேறெங்கோதான் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு நாள் போனது. இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் சாரும் நானும் சென்னிமலைக்குத் தெற்கே ஒரு தோட்டத்துக்குப் போனோம். பழனியம்மாள் என்று ஒரு அம்மா, தனியாகவே பண்ணயம் பார்க்கிறவர். மூன்று கம்பத்தை முக்காலியாக நட்டு, செயின் பிளாக் என்கிற சங்கிலிக் கப்பி மாட்டி, பம்பை மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஏக்கர் சின்ன வெங்காயம் தாள் மடிந்து கிடந்தது. நான் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

"ஏனுங்க அம்மணி, நீங்கதான் சக்கரம் செஞ்சு குடுக்கற கம்பெனிங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

"நான் மொதல்ல சக்கரம்னு நெனைக்கவே இல்லை கண்ணு. மோட்டரு ஓடுது, மீட்டரு காட்டுது, தண்ணி மட்டும் நூலாட்ட வருது. பேஸை மாத்திப் போட்டுட்டாங்களோன்னு நெனைச்சேன். போன வருஷம் கம்பத்துல வேலை செஞ்சுபோட்டு ஒயரை மாத்திக் குடுத்துட்டாங்க. மோட்டரு தலைகீழாச் சுத்துச்சு. சத்தமெல்லாம் சரியா வரும், கரண்டும் இழுக்கும், ஆனா தண்ணி மேல ஏறாது. பாத்தா ஓடறாப்பலயே இருக்கும் கண்ணு!"

நான் அப்படியே நின்றுவிட்டேன். பாத்தா ஓடறாப்பலயே இருக்கும்.

உலர்த்தும் தொட்டிக்கு அடியில், சூடான காற்றைக் குருணைக்குள் தள்ள, பிளோயர் என்கிற காற்றாடி உண்டு. பம்பு மாதிரியே அதுவும் மூன்று பேஸ் மோட்டார். ஐப்பசியில் அந்த மோட்டார் கருகி, புதிது மாட்டினார்கள். மாட்டின மறுநாள்தான் அந்த இம்பெல்லர் ஓட்டம் தொடங்கியது!

"சார்!" என்று கத்திவிட்டேன். முக்காலி பிடித்திருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். "சார், பிளோயர்! நாலாம் நம்பர் பிளோயர் தலைகீழாச் சுத்துதுங்க சார்! சூட்டை அளக்கற கம்பி ஹீட்டருக்குப் பக்கத்துலதானே இருக்குது? காத்து போகாட்டி அந்த எடத்துல மட்டும் நூத்திருபது காட்டும். தொட்டிக்குள்ள குருணை பச்சையாவே இருக்கும்!"

"அது இன்னும் வலது பக்கந்தாங்க அம்மணி. போய்ப் பாத்து இடது பக்கம் கொண்டாருவோம்" என்றார் சார். ஆனால் வண்டிக்கு அவர்தான் எனக்கு முன்னால் ஓடினார். ஐம்பத்தாறு வயது மனுஷன் வெங்காய வரப்பில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியதை நான் மறக்கவே மாட்டேன்.

அந்த மூன்று நாளுக்குப் பிறகு நாலாம் நம்பரில் பாலிப்ரொப்பிலீன் மூடிகள்தான் ஓடிக்கொண்டிருந்தன. அது ஈரத்தை உறிஞ்சாது, அதை உலர்த்தவே வேண்டாம். அதனால் தொட்டியை யாரும் தொடவில்லை. கம்பெனிக்குத் திரும்பியதும் நேராகப் போய்ப் பிளோயர் ஸ்விட்சைப் போட்டு, உடனே அணைத்தோம். காற்றாடி வேகம் குறைந்து குறைந்து நிற்கும்போது பார்த்தேன். கூட்டின் மேல் அம்புக்குறி வலப்பக்கம். காற்றாடி சுற்றியது இடப்பக்கம்! எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. இரண்டு ஒயரை மாற்றிப் போட்டு ஓட்டியதும், தொட்டிக்குள் விட்டிருந்த வெப்பமானி ஏற ஏறக் கைதட்டினேன்.

மேனேஜரும் வந்து பார்த்தார். "எலக்ட்ரீசியன் பண்ணுன வேலை. தீந்துதுங்க. பம்ப் கம்பெனிக்கு எழுதிருங்க" என்றார்.

சார் தாளை எடுத்து நடுவில் மடித்தார். பேனாவை என்னிடம் நீட்டினார். "தெரிஞ்சதையெல்லாம் எழுதுங்க எஸ்தரு."

எழுதினேன். காற்றாடி தலைகீழ். குருணை காயவில்லை. சங்கிலி அறுந்தது. அதற்கு மேல் கை நகரவில்லை. அங்கேயே நிறுத்தியிருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். சார் கேட்டிருப்பாரா? அது இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

இடது பக்கத்தில் நாலாவது வரியாக எழுதினேன்: "குமிழிச் சோதனை ஆறு தடவையும் செய்யப்படவில்லை. செய்ததாக நான் எழுதினேன்." ஐந்தாவது வரி: "வெள்ளிக் கோட்டை சரஸ்வதி காட்டினார். நான் ஓட்டச் சொன்னேன்."

மேனேஜர் வாசித்துவிட்டுத் தாளைச் சாரிடம் நீட்டினார். சார் வாசித்தார். கோபப்படுவார், திட்டுவார் என்று காத்திருந்தேன். ரெஜிஸ்டரைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். "அந்த ஆறு வரியையும் அழிக்காதீங்க. மேல ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்துல உண்மையை எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல், "டிஸ்பிளே பொய் சொல்லும்னுதானுங்க அந்தக் கண்ணாடியை வெச்சிருக்கோம்" என்றார். அத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் சொன்ன கடுமையான வார்த்தை அதுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

எனக்குக் குற்றக் குறிப்பாணை கொடுத்தார்கள். சீனியர் பதவி எனக்கு அடுத்தவளுக்குப் போனது. நியாயம்தான். அந்த மூன்று நாள் வார்த்த அத்தனை இம்பெல்லரையும் திரும்ப எடுத்து மாற்றுவது என்று முடிவானது. அன்று சாயங்காலமே நான் சரஸ்வதியின் வீட்டுக்குப் போய், வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டாள். "சரி, போயிட்டு வா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் வேலைக்கு வந்தாள். என்னோடு பேசவில்லை. பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தாள். புது இம்பெல்லர்களை அவளே வார்த்தாள். ஒவ்வொரு ஷிப்டுக்கும் நான் கண்ணாடியை அழுத்தும்போது, மிஷினை நிறுத்திவிட்டு என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். குமிழி இல்லை என்று தன் கண்ணால் பார்த்த பிறகுதான் பட்டனை அமுக்கினாள். அவளை நான் எப்படிக் குறை சொல்ல முடியும்?

மாற்றிக் கொடுக்கும் முதல் வண்டி பழனியம்மாள் தோட்டத்துக்கு. பொருத்தும்போது வார்த்தவர்களும் இருக்கட்டும் என்று எங்கள் இரண்டு பேரையும் ஏற்றிவிட்டார் சார். பம்பு மெக்கானிக் பழைய சக்கரங்களைக் கழற்றிப் போட, நானும் சரஸ்வதியும் புதுசை எடுத்து எடுத்துக் கொடுத்தோம். பம்பு பைப் பைப்பாகப் பூமிக்குள் இறங்கியது. பழனியம்மாள் ஸ்டார்ட்டர் பெட்டியில் கை வைத்தார்.

"போடட்டுங்களா?"

முதலில் வெறும் காற்று. குழாய் வாய் இருமியது. செம்மண் கலங்கலாக ஒரு துப்பல். அப்புறம் வந்தது பாருங்கள், தொட்டிச் சுவரில் மோதி ஆள் உயரத்துக்குத் தெறித்தது! பழனியம்மாள், "ஏறிருச்சு, ஏறிருச்சு!" என்று கத்தினார். மெக்கானிக் தலைத்துண்டை அவிழ்த்து வீசினார். தண்ணீர் வாய்க்காலில் இறங்கி, வெடித்துக் கிடந்த பாத்தியை நோக்கி ஓடியது. நான் அதன் கூடவே ஓடினேன். முதல் பாத்தி நனைந்து, இரண்டாவது பாத்தி நனைந்து, அடிமண் கறுத்துக்கொண்டே போவதைப் பார்த்தபடி நின்றேன். கண்ணெல்லாம் மறைத்தது.

திரும்பிப் பார்த்தால் சரஸ்வதி குழாய் வாயில் நின்றுகொண்டிருந்தாள். முகம் கழுவி, முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். மோட்டார் இரைச்சலுக்கு மேல் குரல் கொடுத்தாள்.

"எஸ்தரு, அங்க என்ன நிக்கறே? வா, வந்து குடி. ஜில்லுன்னு இருக்குது."

போய், அவள் பக்கத்தில் குனிந்து, இரண்டு கையையும் ஏந்தினேன்.